போலாவின் மெக்காத்தே

"இன்னும் இறுக்கு. ஆடுது பாரு."

தொமித்திலா அடுப்படி வாசலில் நின்று கத்தினாள். எராஸ்மோ கிணற்றுச் சக்கரத்தின் கைப்பிடியைத் தூணோடு சேர்த்துக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டிருந்தான். போலாவின் பழைய பாவாடையில் கிழித்த துணி. முடிச்சு நிற்கவில்லை, போடப்போட நழுவியது. இந்த வீட்டில் முடிச்சுப் போடுகிற வேலை அவனுக்கு இருந்ததே இல்லை. கயிறு, முடிச்சு, வாசர், குழாய் எல்லாம் போலாவின் கை. அவனுக்கு வாளி மாற்றுகிற வேலைதான்.

"தள்ளு அந்தப்பக்கம்," என்று தொமித்திலா வந்தாள். "கல்யாணமான நாள்லேருந்து எல்லாத்தையும் அவளே செஞ்சு செஞ்சு உன்னைக் கெடுத்து வச்சிட்டுப் போயிட்டா என் தங்கச்சி."

ஒரே இழுப்பில் முடிச்சு விழுந்தது. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே கைதான் என்று எராஸ்மோ நினைத்தான். நினைத்ததும் அழுகை வந்தது. தொமித்திலாவுக்கு முன்னால் அழுதால் அதற்கும் ஏச்சு விழும் என்பதால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

போலா விடியற்காலையில் போனாள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், பட்டணத்து ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக் கட்டிலுக்கு வந்து சில வாரம் கிடந்தாள். கிடந்தாளே தவிர சும்மா கிடக்கவில்லை. வெளியே எராஸ்மோ சக்கரத்தைச் சுற்றுவான், வாளியில் தண்ணீர் விழும். அந்தச் சத்தத்தை வைத்தே வாளி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று படுக்கையிலிருந்து கண்டுபிடித்துவிடுவாள். "மாத்து!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். எட்டிப் பார்த்தால் தண்ணீர் வாளி விளிம்புக்கு ஒரு விரல் குறைய நிற்கும். ஒரு நாள்கூட அவள் கணக்குத் தப்பியதில்லை. பாழாய்ப்போன மனுஷி, சாகிற நாளிலும் அதிகாரம்.

மெக்காத்தே என்றால் கயிறு. வெளியூர்க்காரனைக் கேட்டால் அதற்குமேல் சொல்ல மாட்டான். எங்கள் பக்கம் கிணற்றுக்கு மேலே பழைய டயரில் செய்த சக்கரம், அதைச் சுற்றிப் போகிற கயிறு, கயிற்றில் கோத்த வாசர்கள் என்கிற ரப்பர் வட்டுகள், அவை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஏறி வருகிற குழாய் எல்லாம் சேர்ந்து மெக்காத்தே. அதோடும் நிற்கவில்லை. புதுப்பெண் ஊருக்குள் வந்தால் "எந்த மெக்காத்தே?" என்று கேட்பார்கள், எந்த வீடு என்று அர்த்தம். அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பிரிந்தால் "மெக்காத்தே பிரிஞ்சுட்டாங்க" என்பார்கள். "அவங்க மெக்காத்தே கட்டிட்டாங்க" என்று சொன்னால் அதற்குமேல் ஒன்றும் கேட்கக் கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும்.

இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் இறைத்த கையோடு சக்கரத்தைக் கட்டிவிடுவார்கள். புதைத்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் அவிழ்ப்பது. போகிற உயிர் கடைசியாக ஒரு வாய் குடிக்கக் கிணற்றுக்குள் இறங்குமாம். அந்த நேரம் பார்த்துச் சக்கரத்தைச் சுற்றினால் கயிற்றில் உயிர் சிக்கிக்கொள்ளுமாம். இதைச் சொன்னால் எங்கள் பாதிரியார் விழுந்து விழுந்து சிரிப்பார். தன் அம்மா செத்த அன்றைக்கு அவரும் கட்டினார், யாருக்கும் தெரியாமல்.

சாவு வீட்டுக்கு வேண்டிய தண்ணீரை ஊரார் கொண்டு வருவார்கள், வீட்டுக்கு ஒரு வாளி. எங்களுக்குத் துக்கம் விசாரிப்பது என்றால் அதுதான். வாயால் ஆயிரம் சொல்லலாம், கையில் வாளி இல்லாமல் வந்தவன் வந்தவனே இல்லை.

அன்று நண்பகலுக்குள் பொச்சோத்தே கிராமத்தில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கையிலும் வாளி இல்லை.

தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். வேலியோரம் நின்றார்கள். உள்ளே வந்து போலாவைப் பார்த்தார்கள். நல்ல நீலச் சட்டை போட்டு, கையில் ஜெபமாலை சுற்றி, தாடைக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். அவள் வாயைக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் பலருக்கு அவள் செத்தே போனாள் என்பது உறைத்தது. பக்கத்து வீட்டுக் கந்திதா சால்வைக்குள் மறைத்து ஒரு கோலா பாட்டிலைக் கொண்டு வந்தாள். அதில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது.

"எராஸ்மோ, புள்ளைக்குன்னு வச்சிருந்தேன். இவ்வளவுதான் இருக்கு. ஏச மாட்டியே?"

"கொண்டு போ கந்திதா. புள்ளைக்குக் குடு."

"கையில ஒண்ணும் இல்லாம எப்படி வர்றது? போலா முகத்துல எப்படி முழிக்கிறது?"

அவள் பாட்டிலைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு அழுதாள். கோடை தொடங்கியதிலிருந்து ஊரில் எல்லாருடைய மெக்காத்தேயும் வறண்டு கிடந்தது. மழை பொய்த்தது ஒரு காரணம். பெரிய காரணம் சாலைக்கு அந்தப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்த கடலைக்காடு. முதலாளி இரண்டு ஆழ்துளைக் கிணறு போட்டு ராப்பகலாக மோட்டார் ஓட்டினார். அங்கே பூ மாதிரித் தண்ணீர் தெளித்தது, இங்கே கயிறு வெறுமனே ஏறி இறங்கியது.

போலா மட்டும் விடவில்லை. நோய் முற்றுவதற்கு முன்பு, ஊர் ஆண்களைக் கூட்டி வந்து, தன் கிணற்றை மறுபடி தோண்ட வைத்தாள். "ஆம்பளைங்களா நீங்க? கடலைக்காரன் பூமிக்குள்ள போறான், நீங்க வேலியில சாஞ்சு நிக்கிறீங்க" என்று ஏசி ஏசித் தோண்ட வைத்தாள். கயிற்றை நீட்டினாள், செருப்பு ரப்பரில் வாசர் வெட்டினாள். தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு ஊர் முழுக்கக் குடித்தது போலாவின் மெக்காத்தேயைத்தான். இப்போது அதுவும் கட்டியாகிவிட்டது. சாவு வீட்டுக்கு வாளி கொண்டு வர வேண்டியவர்களெல்லாம் சாவு வீட்டிலிருந்தே இத்தனை நாளும் வாளி கொண்டு போனவர்கள்.

எராஸ்மோவுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. அவனுக்கும் மகன் நிகானோருக்கும் மட்டும் தெரிந்தது.

விடியுமுன் போலா கண்ணைத் திறந்து, "மெக்காத்தே என்ன சொல்லுது?" என்று கேட்டாள். "நல்லா வருது," என்றான். அதுதான் அவளிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் இறைத்தபோது, வாளி பாதிகூட நிறையவில்லை. கடைசியில் வந்தது சேறு. நிகானோர் துணியில் வடிகட்டினான். அப்பனும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"காப்பிக்கு என்ன பண்றது?" என்று தொமித்திலா கேட்டாள். "கடவுளே, ராத்திரி முழுக்க ஜனம் உட்காரும். ரொட்டி இருக்கு, சர்க்கரை இருக்கு, சாராயம் யாராவது கொண்டு வருவான். காப்பி இல்லாம எப்படிச் சாவு வீடு நடத்துறது? நாய் செத்தாக்கூட ஒரு வாய் காப்பி குடுப்பான்."

அப்போதுதான் சாலையில் டேங்கர் லாரியின் ஹாரன் கேட்டது.

கடலைக்காட்டு லாரிதான். முன்னால் ஜீப்பில் மேஸ்திரி லிசாந்த்ரோ வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் கைபேசி உறை, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். அவர் ஒன்றும் அந்நிய மனிதர் இல்லை, ஆற்றுக்கு அந்தக் கரையில் பிறந்தவர். உள்ளே போய்ப் போலாவின் தலைமாட்டில் சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே வந்து எராஸ்மோவின் தோளைத் தொட்டு, மரியாதையாகத் ‘தோன்’ போட்டுப் பேசினார்.

"தோன் எராஸ்மோ, முதலாளி ரொம்ப வருத்தப்பட்டாரு. என்ன வேணும்னு கேட்டாரு. நான்தான் சொன்னேன், வேற என்ன வேணும், தண்ணிதான் வேணும்னு. லாரி முழுசும் உங்களுக்குத்தான். தொட்டியக் காட்டுங்க, ஊத்திடுவோம்."

அப்பாடா என்று இருந்தது எராஸ்மோவுக்கு. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவனுக்கு முதலில் வந்தது அந்த நிம்மதிதான். அவன் சுபாவமே அப்படி. போன வருஷம் இதே லாரி முதன்முதலாக வந்தபோது ஒரு நீல டிரம் நிறையப் பிடித்து வைத்தான். வயலிலிருந்து வந்த போலா அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் டிரம்மை உருட்டிக்கொண்டு போய் நடுச்சாலையில் கவிழ்த்தாள். "அவன் தண்ணி அவன் நெனச்சா வரும். நம்ம தண்ணி நாம நெனச்சா வரும். எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றாள். அன்றைக்கு அவனுக்குச் சோள ரொட்டி சுட்டுத் தரவில்லை.

இப்போது அவள் தாடை கட்டிக் கிடந்தாள். எராஸ்மோ கொல்லையிலிருந்த தொட்டியைக் கை காட்டினான். லாரி உதவியாள் குழாயை இழுத்துக்கொண்டு போனான். தொமித்திலா அடுப்பில் விறகைத் தள்ளினாள். வேலியோரம் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

லிசாந்த்ரோ கிணற்றுப் பக்கம் போனார். சக்கரத்தைப் பார்த்தார், கறுப்புத் துணியைப் பார்த்தார். கைபேசியை எடுத்து ஒரு படம் எடுத்தார். தள்ளி நின்று இன்னொன்று எடுத்தார். பிறகு முடிச்சுக்குக் கிட்டப் போய் இன்னொன்று.

எராஸ்மோ பார்த்துக்கொண்டே இருந்தான். சாவு வீட்டில் பிணத்தைப் படம் எடுப்பவர்கள் உண்டு. கிணற்றை எடுப்பவரை அவன் பார்த்ததில்லை.

"படம் எதுக்கு, தோன் லிசாந்த்ரோ?"

"சும்மாதான். முதலாளிக்கு அனுப்ப."

"எதுக்குன்னு கேட்டேன்."

லிசாந்த்ரோ கைபேசியைத் துடைத்தார். "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? மூணாவது போர் போட எழுதிக் குடுத்திருக்கு. திங்கக்கிழமை தண்ணி ஆபீசுலேருந்து வர்றாங்க. பக்கத்துல ஜனம் இறைக்கிற கிணறு ஒண்ணாவது இருந்தா போடக் கூடாதுங்கிறான். பொச்சோத்தேல அப்படி எதுவும் இல்லையே. எல்லாம் வறண்டாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு, இதையும் கட்டிட்டீங்க. படம் காட்டினா முடிஞ்சுது."

"அது சாவுக்குக் கட்டினது."

"ஆபீசுக்காரனுக்கு அதெல்லாம் தெரியுமா? கட்டினது கட்டினதுதான்." குரலைத் தாழ்த்தினார். "நல்லதுக்குத்தான் சொல்றேன். வாராவாரம் லாரி வரும், முதலாளி வாக்குக் குடுத்திருக்காரு. நீங்க எதுக்கு இந்த வயசுல இதக் கட்டி மாரடிக்கணும்? பம்புன்னா மோட்டார். இது வெறும் கயிறு."

"உங்கம்மா செத்தப்ப உங்க வீட்ல கட்டலையா?"

லிசாந்த்ரோ தொப்பியைப் பார்த்தார்.

"கட்டினீங்க," என்றான் எராஸ்மோ. "நான் வந்திருந்தேன். போலாவும் நானும் ஆத்தைத் தாண்டி வாளி தூக்கிட்டு வந்தோம். அவ ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வந்தா. அந்தத் தண்ணியிலதான் உங்க வீட்டுக் காப்பி கொதிச்சுது."

அவனுக்குக் கோபம் வந்து பழக்கமில்லை. வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொல்லைக்குப் போனான். லாரிக்காரன் தொட்டிக்குள் போட்டு இன்னும் திறந்துவிடாமல் வைத்திருந்த குழாயை வெளியே இழுத்துத் தரையில் போட்டான். "சுருட்டு. எடுத்துட்டுப் போ," என்றான். அங்கிருந்து நேரே சக்கரத்துக்கு வந்து துணியில் கை வைத்தான்.

"எராஸ்மோ!" தொமித்திலா ஓடி வந்து குறுக்கே நின்றாள். "பைத்தியம் புடிச்சுதா உனக்கு? உள்ள உடம்பு கிடக்கு. இன்னும் புதைக்கலை."

"தள்ளுங்க அக்கா."

"என் தங்கச்சி உயிரு கிணத்துக்குள்ள இறங்கி இருக்கும். நீ சுத்தினா சிக்கிக்கும். அப்புறம் எந்தக் காலத்துல கரையேறுவா?"

நிகானோரும் வந்தான். கடலைக்காட்டில் அந்த மோட்டாரை ஓட்டுகிறவனே அவன்தான். அதற்காகப் போலா அவனோடு முகம் கொடுத்துப் பேசாத நாட்கள் உண்டு, அவன் கொண்டு வந்து கொடுத்த மருந்தைக் குடிக்காத நாட்களும் உண்டு. லிசாந்த்ரோ அவனைக் கூப்பிட்டார்.

"நிகானோர், உங்கப்பாகிட்ட எடுத்துச் சொல்லு. உன் வேலைய நெனச்சுச் சொல்லு."

நிகானோர் அப்பன் காதோரம் குனிந்தான். "அப்பா, காலையில பாத்தோம்ல. சேறுதான் வந்துச்சு. இப்ப எல்லார் முன்னாடியும் சுத்தி, வரலன்னா? அதையும் படம் புடிப்பாரு. அதோட தீர்ந்துது."

அது எராஸ்மோவுக்குத் தெரியாதா? கயிறு வெறுமனே ஏறி வந்தால், போலாவின் கிணறு செத்தது என்று அவள் பிணத்தின் முன்னாலேயே ஊர் அறிய நிரூபித்தது அவனாகத்தான் இருக்கும். சும்மா இருந்தால் படம் பேசும், சுற்றினால் கிணறு பேசும். கிணறு என்ன சொல்லும் என்று தெரியாது. காலையில் அவளிடம் "நல்லா வருது" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"வரலன்னா வரலைன்னு அவளே சொல்லட்டும்," என்றான். "இந்தாளு சொல்லக் கூடாது."

பிறகு தொமித்திலா பக்கம் திரும்பினான். "அக்கா, அவ உள்ளதான் இருக்கான்னே வச்சுக்குவோம். சக்கரம் சுத்துற சத்தம் கேட்டா அவ சிக்குவாளா? உங்க தங்கச்சி சிக்குற ஆளா? கயித்தப் புடிச்சு ஏறி வந்து, இவ்வளவு நேரம் என்னடா பண்ணுனேன்னு என்னை ஏசுவா."

யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பது எங்களுக்குக் குற்றமில்லை. தொமித்திலாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் லிசாந்த்ரோவின் கையிலிருந்த கைபேசியையே பார்த்தாள். தான் இழுத்துக் கட்டிய முடிச்சு அதற்குள் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது போலிருக்கிறது.

"என் முடிச்சையா புடிச்சு வச்சிருக்க நீ?" என்றாள்.

குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவள் போட்டது, லேசில் அவிழுமா? விரல் நகம் பெயர்ந்தது. கடைசியில் முகத்தைத் தாழ்த்திப் பல்லால் கடித்து இழுத்தாள். துணி விட்டது. அதைக் கீழே போடவில்லை, சக்கரத்தின் விளிம்பிலேயே சுற்றி இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"இப்ப துக்கமும் இருக்கு, சக்கரமும் இருக்கு," என்றாள். "சுத்து."

எராஸ்மோ சுற்றினான்.

கயிறு ஏறியது. வாசர்கள் குழாய்க்குள் வறட்டு இருமல் மாதிரிச் சத்தம் போட்டன. கறுப்புத் துணி மேலே போய்க் கீழே வந்தது. குழாய் வாயில் ஒன்றுமில்லை. வேலியோரம் நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். லிசாந்த்ரோ கைபேசியைத் தூக்கிப் பிடித்தார், இந்தத் தடவை படம் அல்ல, வீடியோ. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள்.

அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். தோள் எரிந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. வா, வா, என் தாயே வா, என்று முணுமுணுத்தான். கிணற்றைச் சொன்னானா போலாவைச் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை. கை தளர்ந்து சக்கரம் நிற்கப் போனது.

இன்னொரு கை கைப்பிடியைப் பிடித்தது. நிகானோர்.

"விடுங்க," என்றான். "நான் பாத்துக்கிறேன்."

"நிகானோர்!" என்றார் லிசாந்த்ரோ.

நிகானோர் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளியின் மோட்டாரை ஒரு விரலால் தட்டி ஓட வைக்கிறவன், அம்மாவின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினான். கந்திதா குழாயில் காதை வைத்தாள்.

"சும்மா இருங்க," என்றாள். "எல்லாரும் வாய மூடுங்க." யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. "சத்தம் மாறுது. கனக்குது. வருது!"

முதலில் செம்மண் கலங்கல் துப்பியது. பிறகு நின்றது. கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். மறுபடி துப்பியது. அப்புறம் விட்டுவிட்டு, அப்புறம் விடாமல், குழாய் வாய் நிறைய விழுந்தது. விடியற்காலையிலிருந்து யாரும் தொடாமல் கட்டிக் கிடந்த நேரத்தில் கிணறு தனக்கு வேண்டியதை ஊறிக்கொண்டுவிட்டது. கட்டாமல் விட்டிருந்தால் ஆளாளுக்கு இறைத்து அந்தச் சேறும் தீர்ந்திருக்கும்.

கந்திதா அந்தக் கோலா பாட்டிலை எடுத்து வந்து, அதிலிருந்ததைக் கிணற்றடியில் ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரைப் பிடித்தாள். "போலாவுக்கு," என்று சொல்லிக் கட்டிலடியில் கொண்டு போய் வைத்தாள். அதற்குப் பிறகு கைப்பிடிக்குப் போட்டி. ஆளுக்குக் கொஞ்சம் சுற்றினார்கள். கையில் வாளி இல்லாமல் வந்தவர்கள் கையாலேயே கொடுத்தார்கள்.

தொமித்திலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு லிசாந்த்ரோவின் முன் நின்றாள்.

"இப்ப எடு படம். ஏன் நிறுத்திட்ட? எடு. வெறும் கயிறுன்னு சொன்னியே, நல்லாத் தெரியுற மாதிரி எடு."

லிசாந்த்ரோ கைபேசியை உறைக்குள் போட்டார். ஜீப்பை நோக்கி ஓரடி வைத்தார்.

"எங்க போற? சாவு வீட்டுக்கு வந்துட்டுக் காப்பி குடிக்காமப் போவியா? உங்கம்மா உன்னை அப்படியா வளத்தா?"

அவரால் போக முடியவில்லை. எங்கள் பக்கத்தில் யாராலும் முடியாது. தண்ணீர் கொதித்து, காப்பி இறங்கி, வடிகட்டி வருகிற வரைக்கும் கொதிக்கிற வெயிலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எராஸ்மோவே கோப்பையைக் கொண்டு வந்து கொடுத்தான். லேசாக மண் வாசனை அடித்தது. லிசாந்த்ரோ கடைசிச் சொட்டுவரை குடித்தார், கோப்பையைக் கவிழ்த்துக்கூடக் காட்டினார். அவர் மனசில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் குடித்தார்.

போகும்போது நிகானோரிடம், "நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்," என்றார்.

"நாளைக்கு எப்படியும் வர மாட்டேன்," என்றான் நிகானோர். "எங்கம்மாவைப் புதைக்கணும்."

லாரி வந்தபடியே நிறைந்து திரும்பிப் போனது. பின் குழாய் சரியாக மூடாமல் சாலை நெடுகச் சொட்டிக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் போலாவைத் தூக்கினார்கள். மாட்டு வண்டி சொல்லியிருந்தும் ஊரார் விடவில்லை, தோளில்தான் சுமந்தார்கள். கல்லறைத் தோட்டம் கடலைக்காட்டை ஒட்டி இருக்கிறது. மண் போடும்போது அங்கே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ புது ஆள். நிகானோர் அந்தப்பக்கம் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை நான் கிணத்தடியிலதான் நிப்பேன்," என்றான். எராஸ்மோ தலையாட்டினான். தொமித்திலா, "நீ மட்டுமா?" என்றாள்.

திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வந்ததும் கட்டை அவிழ்ப்பதுதான் வழக்கம், புருஷன் அவிழ்க்க வேண்டும். எராஸ்மோ நேராகச் சக்கரத்துக்குப் போனான். அவிழ்க்க ஒன்றும் இல்லை. விளிம்பில் துணி காய்ந்து விறைப்பாகத் தொங்கியது. ஊரார் அவரவர் வாளிகளைக் கொண்டு வந்து வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள்.

அவன் முதல் வாளியைக் குழாயடியில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தான். இந்தத் தடவை தண்ணீர் சீக்கிரமே வந்தது. வாளியின் அடியில் தகரச் சத்தத்தோடு விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் கனத்தது, பிறகு மெலிந்தது. அவன் வாளியைப் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றினான். சன்னல் திறந்திருந்தது. கட்டிலை வெளியே எடுத்துப் போட்டுக் கழுவியிருந்தார்கள்.

வாளி நிறைந்து வழிந்தது. வரிசையில் நின்றவர்கள் யாரும் "மாத்து" என்று சொல்லவில்லை. தண்ணீர் கிணற்றடி மேடையிலிருந்து இறங்கி, அவன் கால்களுக்கு நடுவே ஓடி, வேலியைத் தாண்டிச் சாலைக்குப் போய், லாரியின் சக்கரத் தடத்தில் தேங்கியது. எராஸ்மோ சுற்றிக்கொண்டே இருந்தான்.